கடலடியில் ஐந்து நாள்

"அந்தமானிலிருந்து என்ன கொண்டு வந்தாய்?" என்று விடுதி நண்பர்கள் வினவினர். ஒன்றும் கொண்டு வரவில்லை என்றேன். அவர்களுள் ஒருவர் நம்பவில்லை. என் பெட்டியைத் திறந்து சோதனையே நடத்திவிட்டார். உப்பு நீரில் நைந்த இரண்டு சட்டைகளும், தாளிப்பு மணம் போகாத ஒரு துண்டும், பென்சிலால் கிறுக்கிய ஒரு குறிப்புப் புத்தகமுமே அவருக்கு அகப்பட்டன. கடலின் அடிக்குப் போய் வந்தவன் ஒரு சோழியோ ஒரு துண்டுப் பவளமோ இல்லாமலா திரும்புவான் என்பது அவர் வாதம். பவளத்தை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்கள், யானைக்கும் புலிக்கும் உள்ள காவல் அதற்கும் உண்டு, ஒரு துணுக்கைக்கூட எடுத்து வருதல் குற்றம் என்று விளக்கினேன்.

"சட்டம் இருக்கட்டும். உன் மேசைமேல் தாள் பறக்காமல் ஒரு கல்லை வைத்திருக்கிறாயே, அது என்ன?" என்றார் அவர்.

நான் வாயடைத்துப் போனேன். மூன்று ஆண்டுகளாக என் மேசைமேல் கிடக்கும் கல் அது. அதன்மேல் தேன்கூடு போன்ற சின்னஞ்சிறு குழிகள் உண்டு. அதைப்பற்றி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். விடை சற்று நீளமானது. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள கடற்கரைச் சிற்றூர். என் பாட்டனார் சங்கு குளித்தவர். மன்னார் வளைகுடாவில் 1961ஆம் ஆண்டில் நடந்த முத்துக்குளிப்புக்கு வள்ளத்தில் நீர் இறைக்கும் சிறுவனாகப் போனவர். அதன்பின் நம் கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆகவே அவர் சங்குக்குத் திரும்பினார். ஒரே மூச்சில் எட்டுப் பாகம் இறங்குவார். பழகிய நாளில் பத்துப் பாகம். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், அதாவது ஏறத்தாழ ஆறடி. அப்படி இறங்கி இறங்கி இடக்காது முற்றும் செவிடாகிவிட்டது. சங்கு குளிக்காத மாதங்களில் கல் எடுக்கப் போவார்கள். கடலுக்குள் இருக்கும் பாரிலிருந்து கடப்பாரையால் முருகைக்கல்லைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொணர்வார்கள். பாதி சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். பாதி வீடு கட்ட ஆகும். எங்கள் பழைய வீட்டின் சுவர் முழுவதும் அந்தக் கல்தான். மழையில் ஒருபுறம் இடிந்து விழுந்தபோது நான் எடுத்து வைத்துக்கொண்ட துண்டுதான் என் மேசைமேல் இருப்பது.

அது பவளம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பது தெரியாது. பார்க்க வேண்டும் என்ற ஆவல் கல்லூரிக்கு வந்தபின் பிறந்தது. இரண்டு விடுமுறைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில், புதுச்சேரிக் கடலில் நான்கு நாள் பயிற்சி பெற்று, சிலிண்டர் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கும் சான்றிதழும் வாங்கினேன். அதன்படி நான் இறங்கத்தக்க ஆழம் 18 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டனாரின் பத்துப் பாகமும் அதுவும் ஏறக்குறைய ஒன்று!

அந்தமானுக்குப் போகப் பணம் ஏது? அங்குதான் என் மாமா கைகொடுத்தார். அம்மாவின் தம்பியாகிய அவர் அங்கே ஒரு படகில் சமையற்காரர். கடலடியைக் காண வருவோர் ஐந்தாறு நாள் அதிலேயே தங்கி, உண்டு, உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை நீரில் இறங்குவார்கள். கரையிலிருந்து சென்று மாலைக்குள் திரும்ப முடியாத தொலைப் பார்களுக்கு அவ்வாறுதான் போக இயலும். 2025 மார்ச்சு மாதத்தில் மாமாவின் கையாள் ஊருக்குப் போய்விட்டான். "வெங்காயம் உரிக்கத் தெரியுமா, மருமகனே?" என்று தொலைபேசியில் கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவுதான், நேர்முகத் தேர்வு முடிந்தது. சமையற்கட்டில் வேலை, நாளுக்கு ஒருமுறை நீரில் இறங்க அனுமதி என்பது ஏற்பாடு.

சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். கீழ்த்தட்டில் பங்க் வகுப்பில் எனக்கு இடம். மேலும் கீழும் படுத்திருந்தோர் பேசிய தமிழ் பலவகை. ஒரு மூதாட்டி நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவைச் சேர்ந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளருள் சிலரை 1970களில் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர் அப்படி வந்தவர். "ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு வந்தேன் தம்பி. நடுவிலே இந்தியாவைக் கப்பல்லயிருந்து பார்த்ததுதான்" என்று சிரித்தார். முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்னும் பெயரை நாம் தேர்வுக்குப் படித்து மதிப்பெண் பெறுகிறோம். அந்த நக்கவாரத்தில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தம் அண்டை வீட்டார் அனைவரையும் இழந்தவர் என் எதிரே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மாமா பழைய பெயரையே சொல்கிறார். துறைமுகத்தில் இறங்கியவுடன் ஊரைப் பார்க்க நேரமில்லை. மூட்டை அரிசியையும் கூடைக் காய்கறியையும் படகில் ஏற்றினோம். பன்னிரண்டு பயணிகள், பெங்களூர்க்காரர், மும்பைக்காரர், ஜெர்மானியத் தம்பதி எனப் பலதரத்தார். பின்தளத்தில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒரு கம்ப்ரசர் ஓயாது உறுமி, வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் அவற்றில் காற்றை அடைத்தது. ஒரு சிலிண்டரில் இரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று. அடுப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் போட்டிருந்தது. இல்லையேல் அலையில் குழம்புச் சட்டி நம் மடிக்கு வந்துவிடும். முதல் இரவு எனக்குத் தலை சுற்றியது. மாமா ஒரு துண்டு இஞ்சியைக் கையில் கொடுத்து, "கடலோடி பேரனுக்கு இது வெட்கம்" என்றார்.

மறுநாட்காலை ஹாவ்லாக் என்று நெடுநாள் வழங்கி, 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படும் தீவுக்கு அருகே முதன்முறை இறங்கினேன். எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் கரேன் இனத்தவர். பர்மாவிலிருந்து 1925ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு நடு அந்தமானில் மாயாபந்தர் அருகே குடியேறிய மக்கள் அவர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி அரைகுறை. ஆனால் நீருக்குள் எல்லார்க்கும் ஒரே மொழி, கைமொழி.

இறங்குமுன் அவர் ஒன்றை மட்டும் மூன்றுமுறை சொன்னார்: "மூச்சை அடக்காதே." புதுச்சேரியிலும் இதையேதான் சொன்னார்கள். எனக்கோ சிறு வயதிலிருந்து பாட்டனார் கற்பித்தது இதற்கு நேர்மாறானது. கிணற்றில் இறக்கிவிட்டு, "மூச்சை அடக்குலே, அடக்குலே!" என்று மேலிருந்து கத்துவார். இரண்டும் எப்படி உண்மையாகும்? ஆகும். நீரில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகிறது. இருபது மீட்டரில் மும்மடங்கு. மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கியவரின் நுரையீரலில் உள்ள காற்று பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். அவ்வளவே. சிலிண்டர்க்காரன் கதை வேறு. அவன் ஆழத்திலேயே அந்த ஆழத்தின் அழுத்தத்திற்கேற்ற காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். அதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டியதில்லை. ஓராள் உயரம் ஏறினாலே ஆபத்து உண்டு.

முதுகுப்புறமாக விழுந்தேன். காதில் அழுத்தம் ஏறியது. மூக்கைப் பிடித்துக் காற்றைத் தள்ளியதும் விட்டது. இந்த ஒரு சிறு வித்தையை முறைப்படி யாரேனும் சொல்லிக் கொடுத்திருந்தால் பாட்டனாரின் இடக்காது இன்றும் கேட்டிருக்குமோ என்று எண்ணினேன்.

கீழே போகப்போகச் சிவப்பு மறைகிறது. நீர் முதலில் விழுங்கும் நிறம் அதுதான். என் சட்டையின் சிவப்புக்கரை ஆறேழு மீட்டருக்குள் மங்கிச் சாம்பலாயிற்று. வழிகாட்டி கைவிளக்கை ஏற்றிப் பாரின்மேல் காட்டினார். அப்போது நான் கண்டதை எப்படி எழுதுவேன்! சாம்பல் என்று நினைத்த இடமெல்லாம் செம்மையும் ஊதாவும் மஞ்சளும். மான்கொம்புபோல் கிளைத்தவை, மூளைபோல் மடிந்தவை, மேசைபோல் பரந்தவை, ஆளுயரப் பாறையாகத் திரண்டவை. கடல் தாமரையின் விரல்களுக்கிடையே கோமாளிமீன் ஒளிந்து எட்டிப் பார்த்தது. எங்கிருந்தோ கறுக் கறுக்கென்று ஓசை கேட்டது. கிளிமீன்கள் அலகால் பாரைச் சுரண்டித் தின்னும் ஓசை அது. அவை தின்று கழிக்கும் பொடியே பவளத் தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு என்பதை முன்பே படித்திருந்தேன். படித்தது வேறு, கேட்டது வேறு.

பாறையாகத் திரண்ட ஒன்றின் அருகே முகத்தைக் கொண்டுபோனேன். தேன்கூடு போன்ற குழிகள்! என் மேசைக்கல்லின் அதே குழிகள். ஆனால் இங்கே ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. கடுகளவே உள்ள உடல். அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரனுக்குத் தருகிறது. வீட்டுக்காரன் பாசிக்கு இடமும் உரமும் தருகிறான். இவ்வாறு வாழ்ந்துகொண்டே கடல்நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கிண்ணத்தின்மேல் கிண்ணம். அதுதான் பார்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கால் எங்கே இருக்கிறது என்பதை மறந்தேன். துடுப்புக் காலணி பின்னால் எதிலோ தட்டியது. திரும்பினேன். கை நீளமுள்ள ஒரு மான்கொம்புக் கிளை முறிந்து மணலில் கிடந்தது.

வழிகாட்டி அருகே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. முறிந்த கிளையை இரு விரல்களால் எடுத்தார். பாரில் ஒரு பிளவைத் தேடி, அதில் செங்குத்தாகச் செருகி, ஆடாமலிருக்கச் சிறு கல் ஒன்றை அண்டை கொடுத்தார். பிறகு வா என்று கைகாட்டினார்.

மேலே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. கிளைக்கும் வகை விரைந்து வளரும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரலாம், செருகியது பிடித்துக்கொண்டால் பிழைக்கும் என்றார். "அந்தப் பாறை வகையோ?" என்று கேட்டேன். அதற்கு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் நல்ல வளர்ச்சி என்றார்.

அன்று பிற்பகல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என் மனம் ஒரு கணக்கைப் போட்டது. எங்கள் வீட்டுச் சுவரின் கனம் ஒன்றரை அடி. அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். ஒரு கல் வளர 45 ஆண்டு. என் கை நீளமுள்ள ஒரு கொம்பை உடைத்ததற்காகக் காலையில் வெட்கப்பட்டேனே, அந்தச் சுவரில் எத்தனை கற்கள்? கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் உரிக்கையில் இது ஒரு வசதி. மாமா காரணம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவெல்லாம் படகு கிழக்கே ஓடியது. விடியலில் எதிரே ஒரு கரிய கூம்பு நின்றது. பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. நீருக்குமேல் தெரிவது சுமார் 350 மீட்டர். கீழே கடலடிவரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கியிருந்து, 1991ஆம் ஆண்டில் விழித்துக்கொண்டது. அதன்பின் அவ்வப்போது புகைகிறது, கனல் கக்குகிறது. நாங்கள் போன அன்று முகட்டில் மெல்லிய ஆவி மட்டும் தவழ்ந்தது. கரையில் இறங்க அனுமதி இல்லை. கடலிலிருந்தே காண வேண்டும்.

அத்தகைய தெளிந்த நீரை நான் கண்டதில்லை. கீழே கரிய மணல். கனற்குழம்பு வழிந்து உறைந்த கரிய பாறை. அதன்மேல் அங்குமிங்குமாகப் பவளம் முளைத்திருந்தது. நெருப்பு ஓடிய இடத்தில் குடிவைத்திருக்கிறது! சில திட்டுகள் உள்ளங்கையளவு; சில முறத்தளவு. என் கருவியில் ஆழம் 16 மீட்டர் என்று காட்டியது.

அப்போதுதான் தலைக்குமேல் ஒளி மறைந்தது. நிமிர்ந்தேன். ஒரு பெரிய யானைத்திருக்கை, வீட்டுக் கூரைபோல் அகன்றது, சிறகசைத்து மெல்ல எங்கள்மேல் வந்தது. என் மூச்சுக் குமிழிகள் எழுந்தால் விலகிப் போய்விடுமே என்று தோன்றியது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டேன். எண்ணிச் செய்யவில்லை. கிணற்றடியில் ஏழு வயதில் பழகியது தானாக வந்தது. நெஞ்சில் காற்று நிறைந்தால் உடல் மிதக்கும். நான் மேலே போகத் தொடங்கியதை நான் உணரவில்லை. திருக்கை இறங்கி வருகிறது என்றே எண்ணினேன்.

காலை ஒருவர் பற்றி இழுத்தார். வழிகாட்டி. என் கண்ணாடிக்கு எதிரே முகத்தை வைத்து, முட்டியால் என் மார்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். 'பொக்'கென்று காற்று வெளியேறியது. குமிழிகள் கூட்டமாக மேலே ஓடின. திருக்கை திரும்பி நீலத்தில் கரைந்தது. அவர் தம் கைக்கருவியைக் காட்டினார். 14 மீட்டர். இரண்டே மீட்டர் ஏறியிருந்தேன். இன்னும் சிறிது ஏறியிருந்தால் இக்கட்டுரையை வேறு யாரேனும் இரங்கலுரையாக எழுத நேர்ந்திருக்கும்.

முறைப்படி மெல்ல ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். ஆழத்தில் அழுத்தத்தால் குருதியில் கரைந்த நைட்ரஜன் சோடாப்புட்டியைத் திறந்தாற்போல் பொங்கிவிடாமல் மெதுவாக வெளியேறுவதற்கு அந்த நிறுத்தம். அந்த மூன்று நிமிடமும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. படகில் ஏறியதும் மாமா சூடான தேநீரைக் கொடுத்து, "என்ன மருமகனே, முகம் வெளுத்திருக்கு?" என்றார். திருக்கையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

திரும்பும் வழியில் கடைசி நாள் இறங்கிய இடத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை. ஆயினும் எழுத வேண்டும். அது ஒரு மயானம். கண்ணுக்கெட்டியவரை முறிந்த பவளக் கிளைகள், சாம்பற்பாசி படர்ந்து, எலும்புக் குவியல்போல் கிடந்தன. மீன் மிகச் சில. கறுக் கறுக்கென்ற ஓசை இல்லை. அங்கே கடப்பாரை போடவில்லை, வலை போடவில்லை. வெப்பம் கொன்றது. வழக்கமான கோடையுச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தன் உடலில் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனால் நிறம் போகும். வெண்சுண்ணம் தோல்வழியே தெரியும். நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லையேல் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 எனக் கோடைக்குக் கோடை அந்தமான் பார்கள் இவ்வாறு வெளுத்தன. 2010ஆம் ஆண்டுதான் இந்த இடத்தை அழித்தது என்றார் வழிகாட்டி. உலகெங்கும் பவளம் வெளுக்கும் நான்காம் பேரிடர் நிகழ்வதாக அறிவியலார் 2024 ஏப்ரலில் அறிவித்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம்.

வட அந்தமானில் வேறொரு மரணம் நடந்திருக்கிறது. 2004இல் நிலம் அதிர்ந்தபோது அங்கே கடலடி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. உயிருள்ள பார்கள் நீர்மட்டத்துக்குமேல் தூக்கப்பட்டு வெயிலில் காய்ந்து மாண்டன. தம் சிறுவயதில், ஊரருகே அந்தப் பார்கள் நாறிக் கிடந்ததை வழிகாட்டி கண்டிருக்கிறார். அதே அதிர்ச்சியில் தெற்கே நிக்கோபாரின் கோடியில் உள்ள இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிற்று. இயற்கை ஒருபுறம் தூக்கி, ஒருபுறம் அமிழ்த்திற்று. ஆனால் அது எப்போதோ ஒருமுறை வருவது. வெப்பமோ ஆறாண்டுக்கு ஒருமுறை, எட்டாண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் ஒன்று, அந்த இடைவெளிக்குள் என்னதான் கட்டிக்கொள்ள முடியும்?

அந்த மயானத்திலும் வழிகாட்டி ஒன்றைத் தேடிக் காட்டினார். இறந்த பாறையொன்றின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயமளவு புதுப்பவளம், இளமஞ்சளாக. அதை விரலால் தொடாமல், சுற்றி ஒரு வட்டம் வரைந்து காட்டினார்.

ஐந்தாம் நாள் கரை சேர்ந்தோம். விமானத்தில் போவோர், கரைந்த நைட்ரஜன் நீங்கும் பொருட்டுக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருந்து பிறகே பறக்க வேண்டும் என்றார்கள். கப்பலில் போகும் ஏழைக்கு அந்தக் கவலை இல்லை.

ஊருக்குப் போனேன். பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலக்காதுப் பக்கம் போய் அமர்ந்து, போய்வந்ததைச் சொன்னேன். திருக்கையைச் சொன்னேன். சிரித்தார். மூச்சை அடக்கியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அங்க பாரு உசுரோட இருக்காய்யா?"

பாதி இருக்கிறது, பாதி இல்லை என்றேன். நான் கொம்பை உடைத்ததையும், அந்த இளைஞர் எடுத்துச் செருகியதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க உடைச்சதை யாருய்யா சொருகி வைப்பா?" என்றார்.

நான் அவரைக் குற்றம் சாட்டவில்லை, சாட்டவும் மாட்டேன். அந்தக் கல்லை விற்ற காசில்தான் என் தந்தையார் பள்ளிக்கூடம் போனார். அதனால்தான் நான் இங்கே படிக்கிறேன். காளவாய்க்காரர் கேட்டார், கட்டடக்காரர் கேட்டார், இவர்கள் வயிற்றுக்கு எடுத்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கிப்போயின. அலையைத் தடுத்து நின்ற பார் போனபின் மணல் எப்படி நிற்கும்? 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கரைந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் அதன் அருகே செயற்கைப் பார்களும் இறக்கப்பட்டன. அந்தக் கரேன் இளைஞர் இரண்டு விரலால் செய்ததைத்தான் இவர்கள் பெரிதாகச் செய்கிறார்கள்.

இதைப் பாட்டனாரிடம் சொன்னேன். நட்டால் பிடிக்கிறதா என்று கேட்டார். பல இடங்களில் பிடிக்கிறது என்றேன். அவர் கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். அது எங்கள் ஊர்க் கரை. கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தார், கோயிற் கோபுரம். இன்னொரு புள்ளி, ஒற்றைப் பனைக் கூட்டம். இரண்டையும் பார்த்தபடி கடலில் எவ்வளவு போக வேண்டும், எந்த இடத்தில் கோபுரம் பனைக்குப் பின்னால் மறையும் என்று காட்டினார். அங்கே ஆறு பாகத்தில் ஒரு பார் உண்டாம். நீரோட்டம் கடுமையானதால் அந்த நாளில் கல் எடுக்க யாரும் இறங்கவில்லையாம்.

"அது இருந்தாலும் இருக்கும். பார்த்துட்டு வந்து சொல்லு. நடுறவங்களுக்கு வெதை வேணுமில்ல?" என்றார்.

அந்தப் படத்தைக் குறிப்புப் புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். பெட்டியைச் சோதித்த நண்பர் அதைப் பார்த்துவிட்டுப் புதையல் வரைபடமா என்று கேலி செய்தார். தேர்வு முடிந்ததும், ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கண்டு பேசி, உரிய அனுமதி பெற்று, அந்த இடத்துக்குப் போவதாக இருக்கிறேன். நம் சங்கத்து நண்பர்கள் யாரேனும் உடன்வர விரும்பினால் விடுதியில் என்னைக் காணலாம். நீந்தத் தெரிந்தால் போதும். மூக்கைப் பிடித்துக் காதைக் காக்கும் வித்தையை நான் சொல்லித் தருகிறேன். மேசைமேல் இருந்த கல்லை இப்போது எடுத்து வைத்துவிட்டேன். தாள்கள் பறக்கின்றன. அகராதியை வைத்துச் சமாளித்து வருகிறேன்.